பறவை நேய வளாகத்தில் ஒரு திதி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் பறவைகளை முறைப்படி நிர்வகிப்பது எப்படி என்பதை மட்டும் கண்டுபிடிக்காமலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த நெடுங்காலக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை, பெங்களூரு ஓசூர் சாலையில் பொம்மசந்திராவுக்குச் சற்று உள்ளே தள்ளி நிற்கும் 'விஹங்கா ஹைட்ஸ்' அடுக்குமாடிக் குடியிருப்பையே சேரும். அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பாலகுமார் என் மகன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு வரலாறு கேட்கும், அப்போது தேடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் பாலசுப்ரமணியன். ஆரணியில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகனோடு இருப்பவன். எங்கள் குடும்பம் பரம்பரைச் சைவம். என் தகப்பனார் சிவப்பிரகாசம் அவர்கள், மளிகைக் கடையில் முட்டைத் தட்டு கண்ணில் பட்டால் உப்புகூட வாங்காமல் திரும்பி வந்துவிடுவார். அப்படிப்பட்ட குடும்பத்தில், என் மகன் தன் அலுவலகத்தில் பார்த்த லாவண்யாவை மணக்க வேண்டும் என்று வந்து நின்றான். பெண் வீட்டார் அசைவம். நான் பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். பெண்ணின் தகப்பனார் தனக்கோடி ஓசூரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தேன்.

"உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வரலாம். உங்க வீட்டுக் குழம்பு வரக் கூடாது."

தனக்கோடி சிரித்துக்கொண்டே சரி என்றார். லாவண்யாவும் வந்த நாளிலிருந்து அதையெல்லாம் தொடுவதே இல்லை என்று பாலகுமார் சொல்கிறான். என் மகன் சொன்னால் நான் விசாரணை வைப்பதில்லை.

இனி விஹங்கா ஹைட்ஸ். விஹங்கா என்றால் பறவை என்று பொருள். அந்த இடத்தில் முன்பு ஓர் ஏரி இருந்ததாம். கட்டுமான நிறுவனத்தார் இயற்கையை மதிப்பவர்கள். ஏரியை முழுவதுமாக மூடிவிடவில்லை. நடுவில் கல்யாண மண்டபத்து அண்டா அளவுக்கு விட்டு, அதற்கு நீல ஓடு பதித்து, கரையில் 'லேக்' என்று பலகை நட்டார்கள். பழைய பழக்கத்தில் கொக்குகள் வந்து பார்த்தன. குளோரின் நெடியை முகர்ந்தன. ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல் போய்விட்டன. சங்கம் அவற்றை 'வலசைப் பறவைகள்' என்று பதிவு செய்துகொண்டது. வந்தன, போயின, வேறென்ன வேண்டும் வலசைக்கு?

காக்கைகள் அப்படி நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் வரிசையாக நின்ற தூங்குமூஞ்சி மரங்களில் அவை குடியிருந்தன. வாடகை ஒப்பந்தம் கிடையாது, பராமரிப்புக் கட்டணம் கிடையாது. மரத்தடியில் நிறுத்திய கார்களின் மேல் எச்சம். கூடு கட்டும் பருவத்தில் சங்கத் தலைவர் ஸ்ரீஹர்ஷாவின் வழுக்கையில் ஒரு காக்கை கொத்திவிட்டது. அன்று மாலையே பொதுக்குழு கூடியது.

"நான் நேச்சர் லவ்வர் ரீ," என்று ஸ்ரீஹர்ஷா தலையில் பிளாஸ்திரியோடு எழுந்து நின்றார். அவர் மைசூர்க்காரர், தமிழ் பேசினால் வாக்குகள் கூடும் என்று அறிந்தவர். "நேச்சர் எங்க வேணும்னாலும் இருக்கலாம். நான் வாக்கிங் போற ரூட்ல இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

பாலகுமார் திரையை ஒளிரவிட்டு, தான் தயாரித்திருந்த 'வான்வெளித் தூய்மைக் கொள்கை'யை விளக்கினான். மரங்களுக்கு 'மறுசீரமைப்பு', அதாவது அடிமரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டுவது. சமையலறைக் கழிவுக்கு மூடிய இயந்திரம். மாடிகளில் ஒலிபெருக்கி வைத்து, அவ்வப்போது பருந்தின் அலறலை ஒலிபரப்புவது. எல்லாம் கச்சிதமாக இருந்தது.

பின்வரிசையில் யாரோ ஒருவர் கேட்டார்: "காக்காய்ங்க எங்க போகும் சார்?"

"அது நம்ம ஸ்கோப்ல வராது," என்றான் பாலகுமார்.

இப்படி ஒரு பதிலைச் சொல்ல எனக்கு முப்பது வருட வருவாய்த் துறை அனுபவம் தேவைப்பட்டது. பிள்ளைக்கு இயல்பாகவே வருகிறது. நான் எழுந்து, மூத்த குடிமகன் என்ற முறையில், தீர்மானத்தை வழிமொழிந்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. காக்கைகள் சார்பாக யாரும் உயர்த்தவில்லை.

காக்கைகள் போயின. புறாக்கள் வந்தன.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புறா மலைப்பாறை இடுக்கில் வாழும் ஜீவன். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் இடுக்கு, ஒவ்வொரு ஏசி பெட்டிக்குப் பின்னாலும் குகை. அதன் முட்டைகளைத் திருடித் தின்று கணக்கைக் கட்டுக்குள் வைத்திருந்த காக்கைகளை நாங்களே சட்டப்படி வெளியேற்றியிருந்தோம். புண்ணியம் தேடும் குடும்பங்கள் காலையில் மூட்டை மூட்டையாகச் சோளம் இறைத்தன. இருக்க இடம், உண்ண உணவு, எதிரி இல்லை. புறாக்கள் எங்கள் நம்பிக்கையை வீணாக்கவில்லை. ஒரு வருடத்தில் வளாகத்தின் பறவைத்தொகை பத்து மடங்கானது. பாலகுமார் அதை வண்ண வரைபடமாக்கி ஒரு சுற்றுச்சூழல் போட்டிக்கு அனுப்பினான். 'பறவை நேய வளாகம்' என்ற விருது வந்தது. பரிசளிக்க வந்த பெண்மணி, "எத்தனை வகைப் பறவைகள் இருக்கின்றன?" என்று கேட்டார்.

"ஒரே வகைதான் மேடம்," என்றார் ஸ்ரீஹர்ஷா. "இங்கே பிரிவினை கிடையாது."

பிறகு எல்லோருக்கும் இருமல் வந்தது. மருத்துவர்கள் புறா எச்சத்தைக் காரணம் சொன்னார்கள். சங்கம் உடனே செயல்பட்டு எல்லா பால்கனிகளுக்கும் வலை அடித்தது. இப்போது பறவைகள் வெளியே சுதந்திரமாகப் பறக்கின்றன, நாங்கள் வலைக்குள் பத்திரமாக இருக்கிறோம். இதைவிடப் பறவை நேயம் என்ன வேண்டும்?

இந்தச் சிறப்பான சூழ்நிலையில்தான் என் தகப்பனாரின் திதி வந்தது.

வழக்கமாக ஆரணிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவோம். இந்த வருடம் என் முழங்கால் பேருந்துப் பயணத்துக்கு அனுமதி மறுத்துவிட்டது. எனவே முதல் முறையாக விஹங்கா ஹைட்ஸிலேயே, எங்கள் பதினான்காம் மாடியிலேயே வைத்துக்கொண்டோம். சைவக் குடும்பத்தில் திதி எப்படி நடக்கும் என்று பார்க்கட்டும் என்றுதான் சம்பந்தி தனக்கோடியையும் அழைத்தேன். ஓசூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். அவர் சர்க்கரை நோயாளி. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டியவர்.

படையல் முடிந்தது. லாவண்யா வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல் என்று ஒன்றையும் விடவில்லை. இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. இலையில் சோறு வைத்துக் காக்கையை அழைப்பது. அது வந்து எடுத்தால் பிதுர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதன் பிறகே வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கலாம். என் தகப்பனார் எந்த விருந்துக்கும் தாமதமாகப் போனவர் அல்லர். ஆரணியில் இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கையை எடுப்பதற்குள் வந்துவிடுவார். எங்கள் குடும்பத்துக் காக்கையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள்.

பால்கனி வலையின் ஒரு மூலையை பாலகுமார் வெட்டித் திறந்தான். ஏசி பெட்டியின் மேல் இலையை வைத்தேன். "கா... கா... கா..." என்று குடும்பத் தலைவனுக்குரிய குரலில் அழைத்தேன்.

புறாக்கள் வந்தன.

"சம்பந்தி, வந்துட்டாரு," என்றார் தனக்கோடி.

"யாரு?"

"உங்கப்பா."

"இது புறா."

"பெங்களூர் வந்ததும் மாறியிருப்பாரு. இங்க யாருதான் ஊர்ல இருந்தாப்பல இருக்காங்க?"

நான் அதை ரசிக்கவில்லை. துண்டை வீசிப் புறாக்களை விரட்டினேன். அவை அடுத்த மாடிக்குப் போவதுபோல் போய், அதே இலைக்குத் திரும்பி வந்தன. வடையின் ஓட்டையில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு மாலை போட்ட பிரமுகரைப் போல உலாவியது.

"எங்க வீட்ல இந்தத் தொல்லையே இல்ல," என்று தனக்கோடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இலையோட வெளிய வந்தா போதும், எங்கப்பா கூட நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்துடுவாரு."

"உங்க வீட்டுக்குப் பக்கத்துல குப்பைமேடு இருக்கு."

"அப்ப குப்பைமேடு இருந்தாத்தான் அப்பா வருவாருன்னு சொல்றீங்களா?"

பதில் சொல்லத் தகுதியில்லாத கேள்வி. பாலகுமார் கைப்பேசியில் காக்கை கத்தும் ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, பால்கனியில் ஒலிபெருக்கியோடு இணைத்தான். காக்கைக் குரல் கம்பீரமாகக் கிளம்பியது. அதே நேரம் சங்கத்தின் தானியங்கி ஏற்பாட்டின்படி மொட்டைமாடியிலிருந்து பருந்து அலறியது. காக்கை அழைத்தது, பருந்து விரட்டியது. இரண்டும் என் மகன் செய்த ஏற்பாடுகள்தான். இரண்டும் குறையில்லாமல் வேலை செய்தன. பருந்தின் அலறலைப் பலநாள் கேட்டுப் பழகிய புறாக்கள் நிதானமாகப் பாயசத்துக்கு நகர்ந்தன.

"மாமா, அப்பா காலைலயே மாத்திரை போட்டுட்டாரு," என்றாள் லாவண்யா கவலையாக. "அப்பா, நீ ரெண்டு பிஸ்கட்டாவது எடுத்துக்க."

"வேணாம்மா," என்றார் தனக்கோடி, என்னைப் பார்த்துக்கொண்டே. "பெரியவரு பசியோட வெளிய நிக்கறாரு. நான் உள்ள உக்காந்து பிஸ்கட் தின்னா நல்லாவா இருக்கும்?"

பராமரிப்பு மேலாளர் நாகேஷை வரவழைத்தோம். எங்கள் வளாகத்தில் குழாய் ஒழுகினாலும், லிஃப்ட் நின்றாலும், யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டாலும் நாகேஷ்தான் வருவார்.

"காகெயா சார்?" நாகேஷ் வலையின் ஓட்டையைத்தான் முதலில் பார்த்தார். "இல்லா சார். காகெ எல்லாம் நாம்தானே சார் கிளியர் பண்ணோம். ஜீரோ காகென்னு ரிப்போர்ட்கூட குடுத்தாச்சு."

"ஒண்ணே ஒண்ணு போதும்."

"ஒண்ணு வந்தாலும் நம்ம புறா வலைல மாட்டிக்கும் சார். அப்புறம் பாவம்." கொஞ்சம் யோசித்தார். "நான் இருக்கிறது ஒக்கலிபுரம் சார். அங்க ரயில்வே லைன் பக்கம் கொஞ்சம் உண்டு. ஆனா ஒரு சாய்ஸ் பண்ற மாதிரி வேணும்னா சிவாஜிநகர் ஹோகி, போங்க சார். மட்டன் மார்க்கெட் பின்னாடி."

"மட்டனா?"

"இந்த சைடு மரம் எல்லாம் போச்சு இல்லா சார்? எல்லாருக்கும் அங்கதான் போஸ்டிங்."

'போஸ்டிங்' என்ற சொல் எனக்குத் தெம்பளித்தது. ஓர் அலுவலர் எங்கே மாற்றப்பட்டிருக்கிறாரோ அங்கே சென்று பார்ப்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. வருவாய்த் துறையில் இதற்குக் கள ஆய்வு என்று பெயர். புது இலையில் புதிதாகச் சோறு, வடை, பாயசம் எல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பாலகுமார் கார் ஓட்டினான். "நானும் வரேன்," என்று தனக்கோடி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். "சாட்சின்னு ஒருத்தர் வேணுமில்ல?"

ஓசூர் சாலையில் நாங்கள் நகர்ந்த வேகத்தில் இலை வாடியது, பாயசம் கெட்டியானது, தனக்கோடி பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் பேச்சைக் குறைத்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

சிவாஜிநகரில் காரை எங்கோ ஒதுக்கிவிட்டு நடந்தோம். துணிக்கடைகள், பாத்திரக் கடைகள், பிறகு ஒரு சந்து திரும்பியதும் இறைச்சிக் கடைகள். நான் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டேன், வெயிலுக்காக. என் வாழ்நாளில் அப்படி ஒரு தெருவில் நான் கால் வைத்ததில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, படையல் பாத்திரத்தை மறு கையால் நெஞ்சோடு அணைத்து, குட்டையைத் தாண்டித் தாண்டிப் போன என்னைப் பார்த்து இருவர் வழிவிட்டார்கள். ஒருவர் எலும்பு வேண்டுமா என்று கேட்டார்.

சந்தின் முனையில் வெட்டவெளி. அங்கேதான் கண்டேன். கம்பிகளில், தகரக் கூரைகளில், கவிழ்த்த கூடைகளில், கைவண்டிகளின் விளிம்பில் காக்கைகள், காக்கைகள், காக்கைகள். வானத்தில் பருந்துகள் வட்டமிட்டன, ஒன்றுகூட ஒலிபெருக்கியில்லை. பெங்களூரில் எத்தனை வளாகங்கள் வான்வெளியைத் தூய்மைப்படுத்தியிருக்கின்றன என்பதற்கு இதைவிடக் கண்கூடான அத்தாட்சி வேண்டாம். நகரத்தின் பிதுர்கள் அத்தனை பேரும் ஒரே முகவரிக்கு மாற்றலாகி வந்திருந்தார்கள்.

"இன்னா பெரியவரே, கோயிலு அந்தப் பக்கம்," என்று ஒரு குரல் கேட்டது.

கடைசிக் கடையின் பலகையில் 'சிந்தியா மட்டன் ஸ்டால்' என்று எழுதியிருந்தது. சிந்தியா என்ற அந்தப் பெண்மணி கத்தியும் கையுமாக நின்றார். நடு வயது, கழுத்தில் சிலுவை.

"நான் கோயிலுக்கு வரலம்மா. எங்கப்பாவைப் பாக்க வந்தேன்."

"எந்த அப்பா? ஆட்டோ ஓட்றவரா?"

"காலமாயிட்டாரு."

சிந்தியா என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார், மேலே கம்பியைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"ஓ, அந்த அப்பாவா? அமாவாசைக்கு அமாவாசை காருல வராங்க. இன்னிக்கு அமாவாசை இல்லியே?"

"திதி."

"சரி, வையுங்க. ஆனா ஒண்ணு, இவங்களுக்கு இப்பதான் டிபன் ஆச்சு."

ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் இலையை விரித்துப் படைத்தேன். "கா... கா..." என்று அழைத்தேன். அத்தனை காக்கைகளும் திரும்பிப் பார்த்தன. ஒன்றிரண்டு இறங்கி வந்து இலையைச் சுற்றி நடந்தன. சோற்றை ஒரு கண்ணால் பார்த்தன, பிறகு மறு கண்ணால் பார்த்தன. திருமணப் பேச்சில் ஜாதகம் பொருந்தாதவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுவார்களே, அப்படி எழுந்து போய்விட்டன. நேரே சிந்தியாவின் கடைக் கழிவுக் கூடைக்கு.

"அப்பா, கொஞ்சம் வெயிட் பண்ணலாம்," என்றான் பாலகுமார்.

அப்போதுதான் கூரை விளிம்பிலிருந்து ஒரு காக்கை இறங்கியது. மற்றவற்றோடு சேரவில்லை. தனியாக, இடது காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து வந்தது. ஒவ்வொரு நாலு அடிக்கும் நின்று, யாராவது வணக்கம் சொல்கிறார்களா என்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் தகப்பனார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு இடது காலைத் தாங்கித்தான் நடந்தார். கூட்டத்தில் சேராமல், தலையைச் சாய்த்துப் பார்த்தபடி, ஆரணி பஜாரில் இதே நடைதான்.

"அப்பா!" என்றேன். என்னையறியாமல் கை கூப்பியிருந்தேன்.

தனக்கோடியும் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். "சம்பந்தி, அவரேதான். உங்க கல்யாண ஆல்பத்துல பாத்திருக்கேன். என்னா ஒரு மிடுக்கு!"

காக்கை என் இலைக்கு வந்தது. வடையை அலகால் ஒரு தட்டுத் தட்டியது. சோற்றைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு தாங்கித் தாங்கி நடந்து, நேரே கழிவுக் கூடைக்குப் போய், மற்ற காக்கைகளை ஒரு அதட்டலில் விலக்கி, ஒரு துண்டு ஈரலை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்து சாப்பிட்டது.

நான் கூப்பிய கையை இறக்கினேன்.

"இவரா?" என்றார் சிந்தியா. "இவரு நம்ம ரெகுலர் கஸ்டமரு. தினமும் வருவாரு. ஈரல்தான் கேப்பாரு, வேற தொடமாட்டாரு. கொடலு போட்டா கோச்சிக்கிட்டுப் போயிடுவாரு."

தனக்கோடியின் முகத்தில் ஒரு சிரிப்பு புறப்பட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஒரு சிரிப்பு விரிந்து நான் பார்த்ததில்லை.

"சம்பந்தி," என்றார் பணிவாக, "எங்க வீட்டுக் குழம்பு வரக் கூடாதுன்னீங்க. உங்கப்பாவே அதத் தேடி வந்திருக்காருபோல."

நிலைமை பின்வருமாறு இருந்தது. அந்தக் காக்கை என் தகப்பனார் இல்லை என்றால், என் தகப்பனார் இன்னும் சாப்பிடவில்லை. வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. எங்கள் குடும்பத்துப் படையல் முதன்முறையாகத் திரும்பிப் போகும், அதுவும் சம்பந்தி கண் முன்னால். அது என் தகப்பனார்தான் என்றால், எங்கள் பரம்பரைச் சைவம் சிவாஜிநகரில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து ஈரல் தின்றுகொண்டிருக்கிறது. முப்பது வருடம் மற்றவர்களின் தகராறுகளுக்கு ஆணை பிறப்பித்தவன், இதற்கு ஒரு வரி எழுத முடியாமல் நின்றேன்.

"இது அவரில்ல," என்றேன்.

"இப்பதானே அப்பான்னு கூப்டீங்க?" என்றார் சிந்தியா.

"சாயல்தான். எங்கப்பா முட்டைத் தட்டு வச்ச கடைல உப்பு வாங்கமாட்டாரு."

"அது ஊர்ல பெரியவரே. அங்க மரம் இருந்திருக்கும், பூச்சி இருந்திருக்கும், உங்க வீட்டு வாசல்ல மிச்சம் மீதி விழுந்திருக்கும். இங்க என்னா இருக்குது? என் கடைதான் இருக்குது. பசிக்குதில்ல?"

அதற்குள் தனக்கோடி பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"மாமா!" பாலகுமார் ஓடினான். "அப்பா, இவருக்குச் சுகர் இறங்குது. ஏதாவது குடுக்கணும். பாயசம் இருக்கில்ல?"

பாத்திரத்தில் பாயசம் இருந்தது. படையலில் மிச்சமிருந்த பாயசம். நான் அதை நீட்டினேன். தனக்கோடி தலையை ஆட்டினார்.

"அவரு எடுக்கட்டும் சம்பந்தி. ஒரு வாயி எடுத்துட்டாருன்னா நான் சாப்பிடறேன். என்னால உங்க திதி கெட்டுச்சுன்னு பேரு வேணாம்." குரல் தேய்ந்திருந்தது. அதில் கேலி இல்லை. அதுதான் என்னைத் தாக்கியது. கேலியாக இருந்தால் சமாளித்திருப்பேன்.

சிந்தியா கத்தியைக் கீழே வைத்தார். "யோவ், என்னாங்கய்யா இது, ஒரு காக்காவுக்காக மனுசன சாகடிப்பீங்களா? இந்தாங்க, ஒரு வழி சொல்றேன். அந்தச் சோத்து மேல ஒரு துண்டு ஈரல் வச்சா, சோத்தோட சேத்து எடுத்துக்குவாரு. நீங்க யாரும் வைக்க வேணாம். நான் வைக்கறேன். நீங்க அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

பாலகுமார் என்னைப் பார்த்தான். எந்தப் பொதுக்குழுவிலும் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் முதுகு நேராகவே இருந்தது. அதை வளைக்க எனக்குத் தெரியாது. ஆனால் திருப்பத் தெரியும். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். என் வலப்பக்கம் பாலகுமார் வந்து நின்றான். இடப்பக்கம் தனக்கோடி எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி," என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே. பாக்கலாம்."

"இல்ல சம்பந்தி. உங்கப்பா சாப்பிடறத நீங்க பாக்கலைன்னா நானும் பாக்கல. நாளைக்கு யாரு கேட்டாலும் சோறுதான் எடுத்தாருன்னு சொல்லுவேன்."

சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு குடியிருப்பு. ஏரி, மரம், பறந்து போகும் பறவைகள். மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதுகுக்குப் பின்னால் இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. இலை கிழிபடும் சத்தம் கேட்டது.

"ஆச்சு, திரும்புங்க," என்றார் சிந்தியா.

இலையில் ஒரு பருக்கை இல்லை. வடை இல்லை. நொண்டிக் காக்கை கூரை விளிம்பில் அமர்ந்து, அலகை இரண்டு பக்கமும் தகரத்தில் தீட்டிக்கொண்டிருந்தது. என் தகப்பனார் சாப்பிட்டு முடித்ததும் மீசையை இரண்டு பக்கமும் துடைப்பார்.

தனக்கோடி பாயசத்தைக் குடித்தார். பாத்திரத்தோடு குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு நிறம் வந்தது, கூடவே வாயும் வந்தது. "பாயசம் பிரமாதம் சம்பந்தி. எம்பொண்ணு கைப்பக்குவம். எதையும் தொடாத கைன்னு சொல்லவே முடியாது." பாலகுமார் அவசரமாகக் கார் சாவியைத் தேடினான்.

சிந்தியாவுக்கு நன்றி சொன்னேன். காசு கொடுக்கப் போனபோது கையை விலக்கிக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். எங்கருந்து வரீங்க?"

"பொம்மசந்திரா பக்கம். விஹங்கா ஹைட்ஸ்."

"அவ்ளோ தூரமா? பெரிய அபார்ட்மென்டா?"

"பறவை நேய வளாகம்னு விருது வாங்கினது," என்றேன். பெருமையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் எப்போதும் விட்டுவிடுவதில்லை.

சிந்தியா கூரையில் இருந்த காக்கையைப் பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என் திருநீற்றை, வேட்டியை, காலிப் பாத்திரத்தை.

"அவ்ளோ பெரிய வூட்ட வச்சிக்கிட்டு, பெத்த அப்பனுக்கு ஒருவாயி சோறு போட என் கடை வாசலுக்கா வரீங்க? அவர வூட்ட வுட்டே தொரத்திட்டீங்களா பெரியவரே?"

சந்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார். இப்படி ஒரு பழியை எங்கள் குடும்பத்தின் மேல் யாரும் சுமத்தியதில்லை. சுமத்தவும் நான் விடமாட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"தொரத்தறதா? எங்க பரம்பரைல அந்தப் பேச்சே கிடையாதும்மா. முறைப்படி கூட்டம் கூட்டினோம். எம்பையன் தீர்மானம் வாசிச்சான், நான் வழிமொழிஞ்சேன், ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் கை தூக்கினோம். அதுக்கப்புறம்தான் அவர் இருந்த மரத்த வெட்டினோம்."